அச்சுப் படலத்துக்கு ஒரு நூற்பாவும் உரையும்

மின்னொளி காட்டு; மிகாமல் நிறுத்து;
கோடிட்டுப் பார், கிடத்தாது அச்சிடு.

ஜோகூரின் பாசிர் கூடாங்கில் லோட்டே கெமிக்கல் டைட்டன் ஆலை பாலிஎத்திலீன், பாலிபுரொப்பிலீன் குருணைகளைச் செய்கிறது. இவ்வகைக் குருணையே உருகிப் படலமாகி, முறுக்குப் பொட்டலம் வரை வருகிறது. அதில் பெயர் அச்சிடுவோருக்காக, அந்தத் தொழிலறிவைச் சுருக்கி நான் கட்டிய நூற்பா இது.

‘மின்னொளி காட்டு’ என்பது கோரோனா முறை. பாலிபுரொப்பிலீனின் பரப்பு ஆற்றல், டைன்/செ.மீ. கணக்கில், சுமார் 30. மை பரவிப் பிடிக்க 38 அளவாவது வேண்டும். இல்லையேல் சேம்பிலை நீராய்த் திரண்டு நிற்கும். டென்மார்க்கின் வெர்னர் ஐஸ்பி 1951இல் இதற்கு வழி கண்டார். ஓடும் படலத்தின் மேல் உயர் மின்னழுத்தம் பாய, காற்று ஊதா நிறத்தில் ஒளிர்கிறது, ஓசோன் மணக்கிறது, படலத்தின் மேல்தோலில் ஆக்சிஜன் சேர்கிறது. மாற்றம் நானோமீட்டர் ஆழமே என்பதால் படலத்தின் உறுதி குறையாது.

 

‘மிகாமல் நிறுத்து’: அளவு மீறினால் பாலிமர்ச் சங்கிலிகள் அறுந்து, அந்தத் துணுக்குகளோடு மையும் உரிந்து வரும்.

‘கோடிட்டுப் பார்’: 38 எண்ணிட்ட டைன் பேனாவால் ஒரு கோடு இழுக்க வேண்டும். 2 விநாடி உடையாமல் நின்றால் தேறியது. மணிமணியாகப் பிரிந்தால் தேறவில்லை. ரோலின் நடுவில் மட்டும் பார்ப்பது போதாது, இரு ஓரங்களிலும் இழுக்க வேண்டும்.

‘கிடத்தாது அச்சிடு’: நம் ஊர் வெயிலுக்கு இதுவே தலையாயது. ஏற்றிய டைன் நாள்பட இறங்கும். ஆக்சிஜன் சேர்ந்த பகுதிகள் உள்ளே திரும்பிக்கொள்ளும். வழுக்குத்தன்மைக்காகக் கலந்த எருக்கமைடு போன்றவை மேலே கசியும். சூட்டில் இரண்டும் விரையும். தகரக் கூரையின் கீழ் வாரக்கணக்கில் கிடந்த ரோலில் மை பிடிக்காவிட்டால், மையைப் பழிப்பது நியாயமன்று.

அச்சகத் தோழர்களே, வந்த நாளில் தேறிய ரோல்தானே என்று விட்டுவிடாதீர்கள். இயந்திரத்தில் ஏற்றும் நாளிலும் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.