இரும்புச் சத்தம்: ஒரு ஹாஸ்டல் ரசிகனின் சரித்திரக் குறிப்புகள்



மலர்க் குழுவினர் "ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்று கேட்டார்கள். மெஸ் சாம்பாரைப் பற்றியும் வார்டனைப் பற்றியும் எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் நம் செட்டிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள். அதனால் நான் வேறொரு விஷயத்தை எடுத்துக்கொண்டேன். ஹாஸ்டல் மாடியில் ராத்திரி பதினொரு மணிக்கு மேல் கேட்ட ஒரு சத்தம். பக்கத்து ரூம்காரர்களுக்கு அது தலைவலி. எங்கள் ஏழெட்டுப் பேருக்கு அதுதான் ஹெவி மெட்டல்.

2025 ஜூலை 5-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், வில்லா பார்க் மைதானத்தில், 'பிளாக் சபாத்' குழுவின் ஆதி உறுப்பினர்கள் நால்வரும் கடைசி முறையாகச் சேர்ந்து வாசித்தார்கள். பதினேழே நாள் கழித்து, ஜூலை 22-ல், அதன் பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானார். மறுநாள் காலையில் திருப்பூரிலிருந்தும் டெட்ராய்ட்டிலிருந்தும் பழைய ஹாஸ்டல் ஆட்கள் போன் போட்டு என்னிடம் துக்கம் விசாரித்ததை என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் இப்போது காலேஜில் படிப்பவள்தான். கடைசியில் கேட்டாள்: "ஏனுங்கப்பா, கணபதியில தமிழ் மீடியம் படிச்ச உங்களுக்கு இதெல்லாம் எப்படிங்க புடிச்சுது? சும்மா பந்தாவுக்குத்தானுங்க?"

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் நியாயமான கேள்வி. அதற்குப் பதில்தான் இக்கட்டுரை.

பட்டறையில் பிறந்த இசை

பிளாக் சபாத் குழுவின் நால்வரும் பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பகுதிக்காரர்கள். தொழிற்சாலைகளும் பட்டறைகளும் நெருங்கிக் கிடந்த பகுதி அது. கிடார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் ஒரு தகடு வேலைப் பட்டறையில் இருந்தார். 1965-ல், வேலையை விட்டு நிற்கப் போகும் கடைசி நாளில், வேறொருவர் வராததால் இவரைத் தகடு வெட்டும் மெஷினில் நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். ஆகவே கிடாரில் தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலது கைதான்.

பட்டறையின் ஃபோர்மேன் அவரைப் பார்க்க ஒரு இசைத்தட்டோடு வந்தார். அது ஜாங்கோ ரெய்ன்ஹார்ட் என்ற ஜாஸ் கிடார் மேதை வாசித்தது. தீ விபத்தில் இரண்டு விரல்கள் செயலிழந்த பிறகும் வாசித்தவர் அவர். அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து, மேலே தோல் ஒட்டி மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தார். கனமான தந்தி விரலை வருத்தியதால் மெல்லிய தந்திகளைப் போட்டுக்கொண்டார். 1971-ல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சுருதியையே இறக்கித் தந்திகளைத் தளர்த்தினார். சுருதி இறங்கியதும் சத்தம் கனத்தது. அந்தக் கனம்தான் பின்னால் வந்த அத்தனை மெட்டல் குழுக்களுக்கும் சொத்து. ஒரு தொழிலாளியின் கைக்காயம் ஒரு இசை வகைக்கே அஸ்திவாரம் ஆயிற்று என்றால் மிகையாகாது.

இனி நம் ஊருக்கு வாருங்கள். கோவையில் 1888-ல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே முதல் எலெக்ட்ரிக் மோட்டாரை இங்கே செய்து காட்டினார்கள். பிறகு ஃபவுண்டரி, லேத், பம்பு செட், மோட்டார் ஸ்டாம்பிங் என்று வீதிக்கு வீதி பட்டறை. சோமனூர், பல்லடம் பக்கம் போனால் இரவு பகலாகத் தறிச் சத்தம். அந்தச் சத்தத்தில் தூங்கி எழுந்தவர்கள் நாம். பர்மிங்ஹாம் இசை நமக்கு எப்படி அந்நியமாகும்?

"சாத்தான் சங்கீதம்" என்ற பேச்சையும் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறேன். 1970 பிப்ரவரி 13-ல் வெளியான சபாத்தின் முதல் ஆல்பத்தின் முதல் பாட்டில், பீதி கிளப்புவதாகச் சொல்லப்படும் ஸ்வர இடைவெளி ஒன்று வருகிறது. ஐரோப்பாவில் அதற்குச் சாத்தான் பெயரையே வைத்திருந்தார்கள். நம் கணக்கில் அது ஷட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம். கல்யாணி ராகத்தில் தினம் கேட்பதுதானே!

தொண்ணூறு நிமிஷ உலகம்

எங்கள் காலத்தில், அதாவது 1980-களின் பின்பாதியில், ஆல்பம் என்றால் கேஸட்தான். யாரோ ஒருவருடைய அண்ணன் வெளிநாட்டிலிருந்து ஒன்று கொண்டு வருவார். அது ரெக்கார்டிங் சென்டருக்குப் போகும். அங்கிருந்து சி-90 கேஸட்டில் இறங்கும். ஒரு பக்கத்துக்கு 45 நிமிஷம். பழைய ஆல்பங்கள் பெரும்பாலும் 40 நிமிஷத்துக்குள் முடிந்துவிடுவதால், ஒரு கேஸட்டில் இரண்டு ஆல்பம் அடைக்கலாம்.

இதில் ஒரு கூத்து நடந்தது. 'மெட்டாலிக்கா' குழுவின் 1986 ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' கிட்டத்தட்ட 55 நிமிஷம். எங்கள் கேஸட்டில் 'ஓரியன்' என்ற ஏழாவது உருப்படி பாதியிலேயே 'டக்'கென்று அறுந்து போகும். அது வாயே திறக்காத, வெறும் வாத்திய உருப்படி. அதன் முடிவே அப்படித்தான் என்று நாங்கள் ரொம்ப நாள் நம்பினோம்! எட்டாவதாக ஒரு பாட்டு உண்டு என்பதே வேலைக்குப் போய், சி.டி. வாங்கிய பிறகுதான் தெரிந்தது.

என் கட்சி

ஹாஸ்டலில் ஓயாத சண்டை எது சிறந்த ஆல்பம் என்பதுதான். இப்போது மேடை எனக்குக் கிடைத்திருப்பதால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்கு வருபவர்கள் ரீயூனியன் அன்று வரலாம்.

'டீப் பர்ப்பிள்' குழுவின் 'மெஷின் ஹெட்' 1972-ல் வந்தது. 1971 டிசம்பர் 4-ல் சுவிட்சர்லாந்தின் மோன்ட்ரோ நகரில் அவர்கள் ஒலிப்பதிவு செய்வதாக இருந்த கேளிக்கை மண்டபம், அங்கே நடந்த வேறொரு கச்சேரியின்போது தீப்பிடித்து எரிந்தது. ஏரியின் மேல் பரவிய அந்தப் புகைதான் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட்டாயிற்று. பிறகு குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஒரு ஹோட்டலில், வாசலில் ஒலிப்பதிவு லாரியை நிறுத்தி ஆல்பத்தை முடித்தார்கள். கிடார் வாங்கிய ஒவ்வொருவனும் முதலில் கொலை செய்வது அந்தப் பாட்டைத்தான். ஆனால் அதே ஆல்பத்தின் 'ஹைவே ஸ்டார்' அதைவிட ஒரு படி மேல் என்பது என் தீர்ப்பு.

1980-ல் வந்த 'ஏசி/டிசி'யின் 'பேக் இன் பிளாக்'. அந்த வருஷம் பிப்ரவரியில் பாடகர் பான் ஸ்காட் இறந்தார். ஜூலைக்குள் புதுப் பாடகர் பிரையன் ஜான்சனோடு ஆல்பம் வெளியே வந்துவிட்டது. துக்க மணியோடு தொடங்கும் அந்த ஆல்பத்தில் ஒரு ஸ்வரம்கூட அதிகம் கிடையாது. அதில் அடியைவிட அடிக்கு நடுவில் விடும் இடைவெளிதான் அழகு. கணக்கு தெரிந்த மிருதங்கக்காரர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள்.

'ஜூடாஸ் பிரீஸ்ட்' குழுவும் பர்மிங்ஹாம் வட்டாரம்தான். அவர்களுடைய 'பிரிட்டிஷ் ஸ்டீல்' 1980 ஏப்ரலில் வந்தது. அந்நாட்டு இரும்பாலைத் தொழிலாளர்கள் மூன்று மாதம் வேலைநிறுத்தம் செய்து முடித்த சமயம். கிடார் கலைஞர் கிளென் டிப்டன் அதே பெயருள்ள கம்பெனியில் வேலை பார்த்தவர். 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு மனிதர்கள் நடக்கும் சத்தத்துக்கு, ஸ்பூன், ஃபோர்க் வைக்கும் தட்டைக் குலுக்கிப் பதிவு செய்தார்கள். 'பிரேக்கிங் தி லா' வேலையில்லாதவனின் பாட்டு. லே-ஆஃப், கதவடைப்பு என்ற வார்த்தைகளை வீட்டில் கேட்டு வளர்ந்த மில் தொழிலாளியின் பிள்ளைக்கு அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை.

'அயர்ன் மெய்டன்' 1984-ல் தந்தது 'பவர்ஸ்லேவ்'. இங்கிலீஷ் பாடத்தில் நம்மைத் தூங்க வைத்த கோல்ரிட்ஜின் கப்பல்காரன் கவிதையை அதில் பதின்மூன்று நிமிஷத்துக்கு மேல் ஓடும் பாட்டாக்கினார்கள். எங்களில் ஒருவன் அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு, லைப்ரரியில் அந்தக் கவிதையைத் தேடிப் போனான். எனக்குத் தெரிந்து அவன் அந்தப் பக்கம் போனது அந்த ஒரு தடவைதான்.

மகுடம் யாருக்கு? எனக்குச் சபாத்தின் 'பாரனாய்டு' (1970)தான். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

பந்தா இல்லையா?

மகளிடம் பொய் சொல்ல முடியாது. இருந்தது. கான்வென்ட்டில் படித்து வந்தவர்கள் குழுக்களின் பெயரைக் கடகடவென்று ஒப்பிக்க, கோபியிலிருந்தும் உடுமலையிலிருந்தும் வந்தவர்கள் வாய் மூடி உட்கார்ந்திருந்த ரூம்கள் அவை. நானும் பாதி புரியாமல் தலையாட்டியவன்தான். ஆனால் விளக்கை அணைத்துவிட்டு கேஸட்டைப் போட்டால் அந்த வித்தியாசம் போய்விடும். வார்த்தை ஒருத்தருக்கும் முழுசாகப் புரியாது! ரிஃப் மட்டும் எல்லாருக்கும் புரியும். தூரன்நோம்பிக்கு ஜமாப் கேட்டு வளர்ந்தவனுக்கு டிரம்ஸ் ஒன்றும் புதுசு இல்லை. ராளையாக ஆரம்பித்தது பிறகு ரசனை ஆயிற்று. ஆகாதவர்கள் விட்டுவிட்டார்கள்.

இந்த ரசனைக்கு நாட்டில் மதிப்பு வர ரொம்ப நாள் ஆனது. 1972-லேயே 'லெட் செப்பெலின்' குழுவின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளான்ட்டும் பம்பாயில் நம் வாத்தியக் கலைஞர்களோடு இரண்டு பாட்டைப் பதிவு செய்தார்கள். அது முறையாக வெளிவந்தது 2015-ல்தான். 1995 ஏப்ரலில் டீப் பர்ப்பிள் பம்பாயில் வாசித்தது. 2007 மார்ச் 17-ல் பெங்களூர் பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். நம் செட்டில் நான்கு பேர் ஆபீசில் பொய்யான காரணம் சொல்லி, ராத்திரி பஸ் பிடித்துப் போனோம். தொப்பையும் வழுக்கையுமாக நின்ற எங்களைச் சுற்றி, நாங்கள் படித்த காலத்தில் பிறந்தே இராத பையன்கள் அதே பாட்டுகளைக் கோரஸாகப் பாடினார்கள். 2011 அக்டோபர் 30-ல் அதே ஊரில் மெட்டாலிக்கா.

'பாரனாய்டு' ஏன்?

1988 தீபாவளி லீவில் அந்தக் கேஸட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். 'அயர்ன் மேன்' ஓடும்போது அப்பா உள்ளே வந்தார். அவர் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் ஆபரேட்டர். நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அவருடைய ஆள்காட்டி விரலை அந்த பிரஸ் பாதி எடுத்துக்கொண்டது.

"இதென்ன கண்ணு, பவர் பிரஸ் ஓடறாப்ல இருக்குது?" என்றார். திட்டப் போகிறார் என்று நினைத்து, ஒரு பழைய பத்திரிகையில் படித்திருந்த அயோமி கதையை அவசரமாகச் சொன்னேன். "எந்த வெரலு?" என்று கேட்டார். காட்டினேன். தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஃபோர்மேன் பாட்டுத் தட்டு வாங்கிக் குடுத்தானா! நம்மளுக்கு மூணு நாள் சம்பளத்தப் புடிச்சாங்க" என்றார். பிறகு, "அதய இன்னொருக்கா போடு" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரைக்கும் கேட்டார். அதற்கு முன்பும் பின்பும் தன் விரலைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை.

அப்பா இப்போது இல்லை. அந்தக் கேஸட் இருக்கிறது. மகளுக்கு இதைத்தான் சொன்னேன். அவள் பந்தா என்ற வார்த்தையை அப்புறம் எடுக்கவில்லை.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். எல்லாப் பாட்டும் உங்கள் போனிலேயே இருக்கிறது. ஏதாவது ஒரு ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை, நடுவில் தாண்டாமல், ஒரே மூச்சில் கேட்டுப் பாருங்கள். முடிந்தால் வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போது சத்தமாகவே போடுங்கள். திட்டு விழலாம். ஒரு கதையும் கிடைக்கலாம்.

நம் செட் ஆட்களுக்கு: ரீயூனியன் அன்று டேப் ரெக்கார்டரை நான் கொண்டு வருகிறேன். கேஸட் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள். 'ஓரியன்' எங்கே அறுந்தது என்று ஒருமுறை சேர்ந்து கேட்போம்.