ஜேர்மன் நிகழ்காலமும் பேர்லின் மதிலும்

பழைய உயர் ஜேர்மன் மொழியில் (ஏறத்தாழ கி.பி. 750 - 1050) வினைக்கு இரண்டு கால வடிவங்களே இருந்தன. ஒன்று இறந்தகாலம், மற்றையது நிகழ்வதையும் இனி நிகழவிருப்பதையும் ஒருங்கே சுட்டிற்று. 830 அளவில் புல்டா மடத்தில் தாத்தியனின் நற்செய்தி இணைப்பைப் பெயர்த்தோர், இலத்தீன் எதிர்கால வினைகளைப் பெரும்பாலும் இந்நிகழ்கால வடிவத்தாலேயே தந்தனர். 'ஆகுதல்' எனப் பொருள்படும் 'வேர்டன்' என்ற துணைவினையால் அமையும் எதிர்காலம் 13ஆம் நூற்றாண்டின் பின்னரே பரவலாயிற்று. ஆயினும் பழைய வழக்கு அழிந்திலது. 'நாளை' போன்ற காலச்சொல் உடன்வரின் நிகழ்கால வினையே இன்றும் போதும். (நாமும் 'நாளை வருகிறேன்' என்கிறோமன்றோ!) எனவே காலத்தை வரையறுப்பது பல இடங்களில் வினையன்று, சூழலே.

இவ்வியல்பு அரசியலில் எத்தகைய விளைவைத் தரக்கூடும் என்பதை 1989 நவம்பர் 9ஆம் நாள் காட்டிற்று. அன்று கிழக்கு ஜேர்மன் அமைச்சரவை ஏற்ற தீர்மானம், புதிய பயண விதிகள் 'உடனடியாக நடைமுறைக்கு வருகின்றன' என நிகழ்காலத்திலேயே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதனுடன் இணைந்த பத்திரிகை அறிக்கை 10ஆம் திகதி வெளியிடப்பட வேண்டியதாகும். அனுமதிகள் விரைவில் 'வழங்கப்படும்' என்று நாம் பெயர்க்கும் தொடரும் மூலத்தில் நிகழ்காலமே. விண்ணப்பம், முத்திரை, வரிசை என்பனவெல்லாம் அவ்வினைக்குள் மறைந்து கிடந்தன.

தீர்மானம் ஆராயப்பட்டபோது உடனிராத குந்தர் ஷபோவ்ஸ்கி, மாலை 7 மணியளவில் பத்திரிகையாளர் முன் அதனை வாசித்தார். எப்போது நடைமுறைக்கு வருகிறது என்று கேட்கப்பட்டது. தாள்களைப் புரட்டிய அவர், தாம் அறிந்தவரை உடனடியாக, தாமதமின்றி என்றார். எழுதியோரின் 'இப்போது' மறுநாளுக்குரியது. வாசித்தவரின் வாயில் அது அன்றைய மாலையாயிற்று. இரவு 8 மணிக்கு மேற்கு ஜேர்மன் தொலைக்காட்சி, கிழக்கு ஜேர்மனி 'எல்லையைத் திறக்கிறது' எனத் தலைப்பிட்டது. திறந்துகொண்டிருக்கிறதா, திறக்கப்போகிறதா என்று அவ்வினை சொல்லவில்லை. கேட்டோர் எல்லைக்கு விரைந்தனர்.

மதிலை இலக்கணம் வீழ்த்தியது எனக் கூறுதல் மிகைக்கூற்றாகும். ஹங்கேரி செப்டெம்பரில் தன் எல்லையைத் திறந்திருக்காவிடில், ஒக்டோபர் 9இல் லைப்சிக் நகரில் எழுபதினாயிரம் மக்கள் வீதிக்கு இறங்கியிருக்காவிடில், அச்சொற்களுக்கு வலுவிருந்திராது. எனினும் எந்த இரவில் என்பதைத் தீர்மானித்ததில் அந்த நிகழ்காலத்துக்கும் பங்குண்டு என்பதே எமது கருத்து. இரவு 11.30 அளவில் போர்ண்ஹோல்மர் வீதிச் சாவடியில் காவலர் தடையை விலக்கினர். அறிக்கை வெளியாக வேண்டிய நாள் பிறக்க இன்னும் அரைமணி நேரம் இருந்தது.