விலை குறைந்த மாண்டலினும் நான் கற்ற பாடமும்



சில ஆண்டுகளுக்கு முன்பு நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் புத்தம் புதிய மாண்டலின் ஒன்றைப் பள்ளிக்குக் கொண்டு வந்தான். முந்நூறு ரிங்கிட்டுக்கும் குறைந்த விலையில் அவன் தந்தை வாங்கித் தந்தது. பள்ளி முடிந்தபின் நான் நடத்திய இசை வகுப்பில் ஆவலோடு சேர்ந்தான். மூன்றே மாதங்களில் அவன் விரல்நுனிகள் சிவந்து தடித்தன. கீழே ஓரளவு சேர்ந்த ஸ்வரங்கள் மேலே போகப் போகப் பிசகின. நான் அவன் தந்தையை அழைத்து, "பையனுக்கு ஸ்வர ஞானம் குறைவு, வேறு ஏதேனும் ஒன்றில் சேர்த்து விடுங்கள்" என்றேன். அவர் மறுபேச்சின்றி மகனை அழைத்துச் சென்றார்.

நான் கூறியது தவறு. அது ஏன் தவறு என்பதை விளக்க, இக்கருவியின் வரலாற்றைச் சற்றே பார்க்க வேண்டியுள்ளது.

மாண்டலின் இத்தாலியில் தோன்றிய கருவி. பதினெட்டாம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரத்து வினாச்சியா குடும்பத்தார் இதைச் செய்வதில் புகழ்பெற்று விளங்கினர். அக்குடும்பத்தைச் சேர்ந்த பாஸ்குவாலே வினாச்சியா பத்தொன்பதாம் நூற்றாண்டில் எஃகுக் கம்பிகளையும் பற்சக்கர முறுக்காணிகளையும் பொருத்தி, இன்றைய வடிவுக்கு வழிகோலினார். அந்த மாண்டலினின் முதுகு பாதாம் பருப்பைப் போல உருண்டிருக்கும். அமெரிக்காவின் கலமசூ நகரில் ஆர்வில் கிப்சன் என்பவர் மரத்தைக் குடைந்து, முதுகு மெல்ல வளைந்த மாண்டலினைச் செய்து 1898இல் காப்புரிமை பெற்றார். இன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மாண்டலின்களுள் பெரும்பாலானவை இந்த வடிவத்தின் வழிவந்தவையே.

மேலைநாட்டுக் கருவி நம் இசைக்கு வருவது புதிதன்று. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் வயலினைக் கற்றுக் கர்நாடக இசைக்குள் கொண்டு வந்தார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவுக்குத் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் 1834இல் தந்தத்தால் ஆன வயலினைப் பரிசளித்தார். நம்மவர்கள் அதன் சுருதியை மாற்றிக்கொண்டார்கள். நின்று வாசிக்கும் கருவியைச் சம்மணமிட்டு அமர்ந்து வாசித்தார்கள். கருவி வந்தபடியே இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணவில்லை.

மாண்டலினுக்கு அப்பணியைச் செய்தவர் உ. சீனிவாஸ். 1969 பிப்ரவரி 28இல் ஆந்திர மாநிலத்துப் பாலகொல்லுவில் பிறந்தார். ஆறு வயதில் தந்தையின் மாண்டலினை எடுத்து மீட்டத் தொடங்கினார். அவருடைய குரு ருத்ரராஜு சுப்பராஜு மாண்டலின் வாசிப்பவர் அல்லர். குரு பாடுவார், சிறுவன் கேட்டு வாசிப்பான். 1978இல் குடிவாடாவிலும் 1981இல் சென்னை இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டியிலும் மேடையேறியபோது அவர் சிறுவரே. எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக அமைந்த மாண்டலினில் கமகம் நீடித்து ஒலிப்பதில்லை. எனவே இரட்டைக் கம்பிகளை விடுத்து, ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட மின் மாண்டலினை அவர் கையாண்டார். 1998இல் பத்மஸ்ரீ பெற்ற அம்மேதை 2014 செப்டம்பர் 19இல், 45ஆம் வயதில் மறைந்தார். கையிலிருக்கும் கருவியைத் தம் இசைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டதே அவர் வரலாறு நமக்குக் கூறும் செய்தி.

இச்செய்தியை நான் நூல்களில் படித்திருந்தேன். ஆனால் அதன் பொருளை உணர்ந்தது நம் பினாங்கில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில்தான்.

அச்சாலையின் வரலாற்றை நம் மாணவர்களுக்குப் பலமுறை கூறியிருப்போம். 1801இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய பள்ளிவாசலும், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் ஆலயத்தின் பின்புறமும், குவான் யின் கோயிலும், 1818ஆம் ஆண்டின் செயிண்ட் ஜார்ஜ் தேவாலயமும் சில நிமிட நடையில் அடங்கிவிடும். 1885இல் மாமாக் புஷி தம் பங்சாவான் நாடகக் குழுவை அமைத்ததும் இந்தப் பினாங்கில்தான். பல நாட்டு இசையும் இசைக்கருவிகளும் கலந்து பழகிய ஊர் இது.

பள்ளிக்கென மலிவு விலை மாண்டலின் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒருநாள் அச்சாலை வழியே வந்தேன். திடீரென மழை பிடித்துக்கொள்ள, அஞ்சடியில் ஒதுங்கி நின்றேன். அங்கே அமர்ந்திருந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர் கருவியைப் பார்த்து, "கொஞ்சம் குடுங்க டீச்சர்" என்று வாங்கினார். இளமையில் போரியாக் குழுக்களில் வாசித்தவராம். நான்கு முறை மீட்டினார், முகம் சுளித்தார். பிறகு கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, குதிரையை இரு விரல்களால் நகர்த்தினார். மீண்டும் சுருதி சேர்த்து மீட்டினார். ஸ்வரம் நேராக நின்றது.

"மரத்தைக் குத்தம் சொல்லாதீங்க டீச்சர். குதிரை எங்க நிக்குதுன்னு பாருங்க" என்றார்.

மழையில் நின்றபடியே அந்த மாணவனை நினைத்துக்கொண்டேன். அவன் மாண்டலினின் குதிரை எங்கே நிற்கிறது என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

இதன் அடிப்படை எளியது. ஒரு கம்பியின் நீளம் பாதியானால், ஸ்வரம் ஒரு ஸ்தாயி உயரும். கம்பியின் நீளத்துக்கும் ஸ்வரத்துக்கும் உள்ள இத்தகைய கணக்குகளை விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' விரிவாக ஆராய்ந்துள்ளார். வீணையில் மெட்டுகள் மெழுகின்மேல் அமைந்திருப்பதால், பிசகினால் மெட்டையே நகர்த்திச் சரிசெய்யலாம். மாண்டலினில் மெட்டுகள் மரத்தில் அடித்துப் பதிக்கப்பட்டவை, அவை அசையா. மாறாக, குதிரை ஒட்டப்படாமல் கம்பிகளின் அழுத்தத்தால் மட்டுமே நிற்கிறது. பெட்டியில் கப்பலேறி வரும்போதும், கடையில் பலர் கைபட்டும் அது இடம் மாறிவிடும். அப்போது எத்துணைத் திறமையான விரலும் சரியான ஸ்வரத்தை எழுப்ப இயலாது.

ஆகவே, பிள்ளைகளுக்கு மலிவான மாண்டலின் வாங்கும் பெற்றோர் கீழ்க்காண்பவற்றைக் கவனிக்க வேண்டுகிறேன்.

1. வாங்கும்போது கழுத்தை ஒரு கண்ணால் நீளவாக்கில் பாருங்கள். அது முறுக்கிக்கொண்டோ வில்லாக வளைந்தோ இருந்தால் வேண்டாம். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி, கரகரப்பு உண்டா என்று கேளுங்கள். முறுக்காணிகள் வழுக்காமல் சுழல வேண்டும். பளபளப்பும் பூவேலைப்பாடும் ஒலியைக் கூட்டா.

2. குதிரையின் இடத்தைச் சோதியுங்கள். பன்னிரண்டாம் மெட்டுக்கு நேர் மேலே கம்பியை மெல்லத் தொட்டு மீட்டினால் மணி போன்ற ஓர் ஒலி எழும். அதே மெட்டில் அழுத்தி மீட்டினாலும் அதே ஸ்வரம் வர வேண்டும். அழுத்தும்போது ஸ்வரம் உயர்ந்தால் குதிரையைக் கழுத்திலிருந்து விலக்கியும், தாழ்ந்தால் கழுத்தை நோக்கியும் சிறிது சிறிதாக நகர்த்துக. கம்பிகளைத் தளர்த்திய பின்னரே நகர்த்த வேண்டும்.

3. கம்பியின் உயரம் பன்னிரண்டாம் மெட்டில் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் இருந்தால் போதும். மிக உயர்ந்திருந்தால் பிஞ்சு விரல்கள் புண்படும். குதிரையின் இருபுறமும் உள்ள சிறு சக்கரங்களால் இதைத் தாழ்த்தலாம். அப்போதும் கம்பி தளர்ந்திருக்க வேண்டும். தலைப்பக்கத்துத் தந்தி தாங்கியின் பள்ளங்கள் உயர்ந்திருந்தால் அனுபவமுள்ளவரிடம் கொடுத்து அராவுவதே நல்லது.

4. மெல்லிய கம்பிகளைக் கேட்டு வாங்குங்கள். மாற்றும்போது ஒவ்வொன்றாக மாற்றினால் குதிரை சாயாது. தொடக்கத்தில் ஒவ்வோர் இரட்டையிலும் ஒரு கம்பியைக் கழற்றி, நான்கு கம்பிகளோடு பழக விடலாம். அழுத்தவும் எளிது, சுருதி சேர்க்கவும் எளிது.

5. மேலைநாட்டு முறையில் இதன் சுருதி வயலினைப் போலவே ஜி, டி, ஏ, ஈ. ஏ கம்பியை ஜி-க்கும், ஈ கம்பியை டி-க்கும் இறக்கினால் ஐந்து கட்டையில் ஸ, ப, ஸ, ப கிடைத்துவிடும். கம்பியின் இறுக்கமும் அவற்றில் குறையும்.

6. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் கம்பிகள் விரைவில் துருப்பிடிக்கும். வாசித்தபின் உலர்ந்த துணியால் துடையுங்கள். வெயிலில் நிற்கும் காரில் கருவியை விட்டுச் செல்லாதீர்கள்.

மறுவாரமே அந்தத் தந்தையின் வீட்டுக்குச் சென்றேன். மாண்டலின் அலமாரியின்மேல் உறையிலேயே இருந்தது. குதிரை அரை விரற்கடை தள்ளி நின்றது. அதைச் சரிசெய்து, "ஐயா, குறை கருவியில் இருந்தது; அதைக் கவனியாத என்னிடமும் இருந்தது. உங்கள் மகனிடம் இல்லை" என்றேன். மாணவன் அப்போது இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்டிருந்தான். கருவியை வாங்கி ஸரிகமபதநி வாசித்துப் பார்த்தான். "இப்போ சரியா வருது டீச்சர்" என்று மட்டும் சொன்னான். மீண்டும் வகுப்புக்கு வர அவனுக்கு நேரமில்லை. இப்பொழுது அவன் தங்கைதான் அதே மாண்டலினில் என்னிடம் ஜண்டை வரிசை பயில்கிறாள்.

'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்பது பழமொழி. மெய்யாகவே கூடம் கோணலாக இருப்பதும் உண்டு. பிள்ளைக்கு வராது என்று தீர்ப்புக் கூறுமுன், கூடத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது ஆசிரியரின் கடமையாகும்.