விதியல்ல, விழிப்பே!

தலைவர் ஒருவர் கொலையுண்டால், "அவர் விதி முடிந்தது" என்று பெருமூச்செறிவார் உண்டு. தப்பிப் பிழைத்தாலோ, "தெய்வம் காத்தது" என்று தேங்காய் உடைப்பார் உண்டு. காத்தது தெய்வமா, மனிதரின் கண்ணும் கருத்துமா? வரலாற்றையே கேட்போம், தோழர்களே!

1860 நவம்பரில் அமெரிக்க மக்கள் ஆபிரகாம் லிங்கனைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். அடிமை முறை புதிய நிலப்பகுதிகளுக்குப் பரவக் கூடாது என்றவர் அவர். மனிதனை மாடென விற்றுக் கொழுத்த பண்ணை முதலாளிகள் பதறினர். வாக்குச் சீட்டால் வெல்ல முடியாத வெறியர் சிலர் கொலைக்கருவியை நாடினர். 1861 பிப்ரவரி 23 அன்று, வாஷிங்டன் செல்லும் வழியில் பால்டிமோர் நகரில் அவர் ரயில் மாறும்போது, நெரிசலில் தீர்த்துக்கட்டுவதே சதி.

தம் இருப்புப்பாதைக்குக் கேடு வருமென்று அஞ்சிய ரயில் கம்பெனித் தலைவர் பெல்ட்டன், துப்பறிவாளர் ஆலன் பிங்கர்ட்டனை அமர்த்தினார். பீப்பாய் செய்யும் தொழிலாளியாய் வாழ்ந்தவர், தப்பியோடி வந்த அடிமைகளுக்குப் புகலிடம் தந்தவர் பிங்கர்ட்டன். தரகராக வேடமிட்டுப் பால்டிமோரில் கடை விரித்தார். அவருடைய ஆட்கள் வெறியரோடு உண்டு, உறவாடி, உளவறிந்தனர். பெண்ணுக்கு அடுப்படியே உலகம் என்று பேசிய அந்நாளில், கேட் வார்ன் என்னும் வீராங்கனை தென்னாட்டுச் சீமாட்டியாக நடித்துச் செய்தி திரட்டினார்.

பிப்ரவரி 21 இரவு, பிலடெல்பியாவில் இதைக் கேட்ட லிங்கன் உடனே நம்பிவிடவில்லை. அமைச்சராகவிருந்த செவார்டு, நியூயார்க் துப்பறிவாளர் தனியே கண்டறிந்த அதே செய்தியைத் தம் மகன் வழி அனுப்பினார். இரு சான்றுகள், ஒன்றையொன்று அறியாமலே ஒன்றுபட்டன. ஆராய்ந்து ஏற்பதன்றோ பகுத்தறிவு! மறுநாள் மாலை ஹாரிஸ்பர்க்கிலிருந்து லிங்கன் மறைவாகப் புறப்பட்டார். தந்திக் கம்பிகள் துண்டிக்கப்பட்டன. நோயுற்ற உடன்பிறப்புக்கென்று சொல்லி, கேட் வார்ன் ரயிலில் படுக்கை பிடித்தார். விடியுமுன் பால்டிமோரைக் கடந்து, காலை 6 மணியளவில் வாஷிங்டன் சேர்ந்தார் லிங்கன்.

சதி எந்த அளவு முற்றியிருந்தது என்பதில் வரலாற்றாசிரியர் வேறுபடுவர். எவர் மீதும் வழக்கு நடக்கவில்லை. "பதுங்கி வந்தார்" என்று ஏடுகள் எள்ளி நகையாடின. நகைப்பு மறைந்தது, உயிர் நிலைத்தது. 1863 ஜனவரி 1 அன்று அடிமைகளின் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட அந்தக் கை இருந்தது! 1865 ஏப்ரல் 14 அன்று, காவல் தளர்ந்த நாடக அரங்கில், அதே வெறி அவரை வீழ்த்தியது.

நம் நாட்டிலோ? 1948 ஜனவரி 20 அன்று, தில்லி பிர்லா மாளிகையில் காந்தியாரின் வழிபாட்டுக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. மதன்லால் பாவா அங்கேயே பிடிபட்டான். கூட்டாளிகளுள் ஒருவன் ஏட்டாசிரியன் என்ற துப்பு அவன் வாயிலிருந்தே கிடைத்தது. அவன் தம்மிடம் முன்பே உளறியதைப் பேராசிரியர் ஜெயின், மறுநாள் பம்பாய் அமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் தெரிவித்தார். வருவோரைச் சோதனையிடக் காந்தியார் இசையவில்லை. அப்படியானால் துப்பைத் துரத்தும் கடமை பன்மடங்கு பெருகவில்லையா? முத்துகள் கிடைத்தும் கோப்பாரில்லை! பத்து நாள் கழிந்தது. ஜனவரி 30 மாலை, பூனா ஏட்டாசிரியன் நாதுராம் கோட்சே அந்த முதியவரைச் சுட்டுக் கொன்றான். பின்னாளில் ஆராய்ந்த கபூர் ஆணையம், 1969-இல் தந்த அறிக்கையில் காவல்துறையின் மெத்தனத்தைச் சுட்டிக் காட்டியது. விதியா கொன்றது? மதவெறி கொன்றது, மெத்தனம் வழிவிட்டது!

கருத்தைக் கருத்தால் வெல்ல இயலாதவனே கைத்துப்பாக்கியைத் தேடுகிறான். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரில் சாமை விளைக்கும் உழவருக்கும் ஒரு வாக்கு, மாநகரத்து மாளிகையாளருக்கும் ஒரு வாக்கு. இந்தச் சமன்மையைத் தனியொருவன் விரல் நுனியால் அழிக்கும் முயற்சியே அரசியல் கொலை. நமக்கு உவப்பில்லாத தலைவரின் உயிரையும் காக்கக் குரல் கொடுப்போம். நம் கொள்கைக்கு வேண்டியது மேடை, பிணமன்று!