சூரிச்சில் பதிவான நான்கு சக்சபோன்கள்

இன்று நம்மவர் பலர் வாழும் சூரிச் நகரில், 1981 நவம்பர் 6 அன்று நடந்த ஜாஸ் கச்சேரியின் ஒலிப்பதிவு 'லைவ் இன் சூரிச்'. வாசித்தவர்கள் அமெரிக்காவின் 'வேர்ல்ட் சக்சபோன் குவார்டெட்' குழுவினர்: ஜூலியஸ் ஹெம்பில், ஒலிவர் லேக், டேவிட் மரே, ஹேமியட் புளூயெட். இத்தாலியின் பிளாக் செயின்ட் நிறுவனம் அதை இசைத்தட்டாக வெளியிட்டது.

மேடையில் தாளவாத்தியமே கிடையாது. எல்கடுவையில் தப்புச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்குக் காது முதலில் அதைத்தான் தேடியது. புளூயெட்டின் பெரிய பாரிட்டோன் சக்சபோன் அடிக்குரலில் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப ஊதுகிறது, அதுவே தாளம். மற்ற மூவரும் அதன்மேல் ஏறி விளையாடுகிறார்கள். அவருடைய 'ஹாட்டி வால்' தொடக்கத்திலும் முடிவிலும் வருகிறது. நடுவில் உள்ளவை ஹெம்பிலின் ஆக்கங்கள்.

ஹெம்பில் 1995இலும் புளூயெட் 2018இலும் காலமானார்கள். யார், எங்கே, என்றைக்கு வாசித்தார் என்ற விபரம் பதிவோடு நிற்கிறது. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதும் அதே 1981இல்தான்.

1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்களோடு தப்பும் காமன்கூத்தும் போயின. அடித்தவர் பெயரும் திகதியும் எழுதிய ஒலிநாடா ஒன்றுகூட இதுவரை என் கைக்கு வரவில்லை.