சோழவரத்துப் புழுதி

மலர்க் குழுவினர் கல்லூரி நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். பேராசிரியர்களைப் பற்றியும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் மற்ற நண்பர்கள் எழுதிவிடுவார்கள். நான் நம் செட்டில் பலரைப் பிடித்து ஆட்டிய ஒரு பைத்தியத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் கார் ரேஸ்!

ஆலங்குளத்துக்காரனுக்கும் கார் ரேஸுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று கேட்பீர்கள். திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் ரோடு எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. குற்றால சீசன் ஆரம்பித்து சாரல் விழுந்துவிட்டால் எந்தெந்த ஊர்க் காரெல்லாமோ வரும். நாங்கள் டீக்கடை பெஞ்சில் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே வண்டியைச் சொல்லுவோம். "அம்பாசிடர்லே!" "இல்லடே, ஃபியட்டு!" தோற்றவன் டீ வாங்கித் தரணும். எங்கள் கட்சி ஹெரால்டு. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் தயாரான வண்டியாச்சே! பானெட் மட்டுமல்ல, மட்கார்டோடு முன்பக்கம் முழுவதுமே முன்னோக்கித் திறக்கும். மெக்கானிக் நின்றவாக்கில் எஞ்சினைக் குடையலாம். குறுகிய இடத்திலும் ஒரே ஒடிப்பில் திரும்பும்.

இந்த மூன்று வண்டிகளும்தான் சோழவரத்தில் ரேஸ் ஓடின என்று கேள்விப்பட்டபோது எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. சென்னைக்கு வடக்கே, கல்கத்தா போகும் ரோட்டில், செங்குன்றம் தாண்டினால் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அங்கே சும்மா கிடந்தது. 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. வளைவுகளைக் காட்ட வைக்கோல் கட்டும் டயரும்தான். ரேஸ் நாளில் அது கிட்டத்தட்ட ஒரு திருவிழா.

1978-ல் சென்னையில் வேலை பார்த்த சித்தப்பா என்னை அழைத்துப் போனார். புழுதியும் பெட்ரோல் வாடையும் இப்போதும் மூக்கில் இருக்கிறது. புல்லட்டும் யெஸ்டியும் தனிப் போட்டி ஓடின. கார்களில் பின் சீட்டைப் பிடுங்கியிருந்தார்கள், சிலவற்றில் கண்ணாடிகூட இல்லை. நம்மூர் ரோட்டில் குடும்பத்தோடு அசைந்து போகிற அம்பாசிடர் அங்கே கோயில் காளை மாதிரி சீறியது! சிலிண்டர் ஹெட்டை நூலளவு இழைத்து கம்ப்ரெஷனைக் கூட்டுவார்கள் என்று சித்தப்பா சொன்னார். கார்புரேட்டரை மாற்றுவதும் எடையைக் குறைப்பதும் வேறு. வெளிநாட்டு வண்டி இறக்குமதி செய்வது குதிரைக் கொம்பாக இருந்த காலம் அது. இருக்கிறதை வைத்து வேகம் காட்டியாக வேண்டும்.

பணக்காரர்களின் விளையாட்டுதானே என்று சிலர் சொல்வார்கள். பாதி உண்மை. எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா என்சைன் என்ற ஃபார்முலா 1 காரையே சோழவரத்தில் ஓட்டினார். அது யாருக்கு முடியும்? ஆனால் மறு பாதியும் உண்டு. கோவையில் கரிவர்தன் என்ற மனிதர், பெரிய ஆலைக் குடும்பத்தில் பிறந்தவர், கையில் கிரீஸோடு நின்றார். சாதாரண மாருதி 800-ன் 796 சி.சி. எஞ்சினை எடுத்து, ஒருவர் மட்டும் உட்காரும் ரேஸ் காரை இங்கேயே வடிவமைத்தார். ஃபார்முலா மாருதி என்று 1988-ல் வந்தது. எல்லோருக்கும் ஒரே வகை வண்டி என்பதால், காசைவிட கை பேச ஆரம்பித்தது. என்னைக் கேட்டால், இந்திய ரேஸ் வரலாற்றில் மல்லையாவின் என்சைனைவிட அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின்தான் பெரிது. 1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் இறந்தார். கோவைக்கு அருகே செட்டிபாளையத்தில் 2003-ல் வந்த பந்தயத் தளத்துக்கு அவர் பெயர்தான்.

1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் கிளப்புக்குச் சொந்தத் தளம் வந்தது. சோழவரம் ஓய்ந்தது. புதிய தளத்தில் ஃபார்முலா மாருதி ஓட்டி முதல் போட்டியிலேயே பரிசு மேடை ஏறிய பையன்தான் நரேன் கார்த்திகேயன். அவருடைய அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். 2005-ல் நரேன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா 1-ல் இறங்கினார். அந்த ஜூனில் அமெரிக்காவில் டயர் தகராறால் 14 கார்கள் விலகிக்கொள்ள, ஆறு கார்கள் மட்டும் ஓடின. அதில் நான்காவதாக வந்து ஐந்து புள்ளி பெற்றார். "ஆறில் நாலாவதுதானே?" என்று நம் நண்பர் ஒருவர் ஃபோனில் கிண்டல் செய்தார். ஓடாதவனுக்கு ஏதுவே புள்ளி?

2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில், விளக்கு வெளிச்சத்தில் கார்கள் ஓடியதை டி.வி.யில் பார்த்தேன். பளபளப்பாகத்தான் இருந்தது. எனக்கு மட்டும் வேறு ஒரு கவலை. ஜெயித்தவர்கள் பெயர் பேப்பரில் வந்துவிட்டது. அந்த ஹெட்டை இழைத்த மெக்கானிக்குகள் பெயர் எங்கே இருக்கிறது? அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருப்பார்கள்? அந்த ஹெரால்டுகளில் பல எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

ஆகவே தோழர்களே, சோழவரம் போனவர்கள் நம்மில் இன்னும் நாலைந்து பேராவது இருப்பீர்கள். பெட்டியின் அடியில் போட்டோ கிடந்தால் சந்திப்புக்கு எடுத்து வாருங்கள். பின்பக்கத்தில் வருஷத்தையும், வண்டிக்குப் பக்கத்தில் ஸ்பானரோடு நிற்பவர் பெயரையும் பென்சிலால் எழுதிக் கொண்டு வாருங்கள்.