சுடிதார் அல்லாத சுடிதார்

பாட்டியாலாவின் அடாலத் பஜாரில் அக்கா மகளுக்காக ஒரு துணிக்கடையில் ஏறினேன். பழக்கதோஷத்தில் "சுடிதார்" என்று கேட்டுவிட்டேன். கடைக்காரர் காலோடு ஒட்டும் குறுகலான பேண்ட்டுகளாக எடுத்துப் போட்டார். எனக்கு வேண்டியிருந்ததோ அந்த ஊரின் பெயரையே கொண்ட, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் அகன்ற சல்வார். அவர் மேல் குற்றமில்லை. நான் கேட்டதைத்தான் கொடுத்தார்.

இந்தியில் 'சூடி' என்றால் வளையல். 'தார்' என்பது பாரசீக விகுதி, 'உடையது' என்று பொருள். ஜமீன்தாரிலும் தாசில்தாரிலும் இருப்பது அதுதான். காலின் நீளத்துக்கு மேல் துணி விட்டு, கிராஸாக வெட்டித் தைப்பதால் மிச்சம் கணுக்காலில் வளையலடுக்கு போலச் சுருங்கி நிற்கும். சுருக்கம் இல்லையென்றால் சுடிதாரும் இல்லை.

தமிழ்நாட்டில் அந்தப் பெயர் காலை விட்டு மேலே ஏறி, உடுப்பு முழுவதையும் பிடித்துக்கொண்டது. டாப்ஸ், பேண்ட், ஷால் மூன்றும் சேர்ந்தால் சுடிதார். பேண்ட் எவ்வளவு தொளதொளத்தாலும் சுடிதார்தான். 'பாட்டியாலா பேண்ட் வைத்த சுடிதார்' என்று தையற்காரரிடம் கூசாமல் சொல்கிறோம். தொப்பை வைத்த ஒல்லி என்பது போலத்தான். ஆனால் பஞ்சாபிப் பெண்களும் இந்த உடுப்பை 'சூட்' என்றே சொல்கிறார்கள், கோட்டுக்கும் டைக்கும் உரிய ஆங்கிலச் சொல்லால். யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்க முடியாது.

தொளதொளத்த காலுடைக்குச் சரியான பெயர் சல்வார். பாரசீகத்தில் 'ஷல்வார்'. அரபியில் அது சிர்வால் ஆயிற்று, ரஷ்ய மொழியில் ஷரோவாரி. ஸ்பெயினின் வாலென்சியாவில் உழவர்களின் அகன்ற அரைக்காற்சட்டைக்குப் பெயரானது. போர்த்துக்கீசியத்தில் அதே வேரிலிருந்து வந்த செரோலாஷ் உள்ளாடை. மேற்கே போகப் போகச் சல்வார் உள்ளே போய்விட்டது! பஞ்சாபில் சல்வாருக்கு முன்பே 'சுத்தண்' என்றொரு காலுடை உண்டு. 7ஆம் நூற்றாண்டில் பாணபட்டர் ஹர்ஷசரிதத்தில் குறிப்பிடும் 'ஸ்வஸ்தான'த்தின் வழிவந்த சொல் அது என்பார்கள்.

பாட்டியாலா சல்வாரின் சூட்சுமம் அதன் வெட்டில் இருக்கிறது. இடுப்பைச் சுற்றி அகலமான பெல்ட் துணி, அதற்குள் ஓடும் நாடா, கீழே நெருக்கமான மடிப்புகள். சாதாரண சல்வாரைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு துணி பிடிக்கும். பாதவாய்க்குப் பஞ்சாபில் 'பௌஞ்சா' என்று பெயர். அதைக் கெட்டியாகத் தைத்தால்தான் அத்தனை துணியும் கணுக்காலில் நிற்கும். துணி குழைய வேண்டும். மெல்லிய பருத்தி, கிரேப் இரண்டும் நல்லவை. விறைத்த பட்டில் தைத்தால் மடிப்பு விழாது, இடுப்பில் மூட்டை கட்டியது போல் நிற்கும். மேலே போடுவது முழங்காலைத் தாண்டாத கமீஸாக இருக்கட்டும். நீளமான டாப்ஸைப் போட்டு மடிப்பை மூடுவதற்கா இவ்வளவு துணி?

கைதட்டிக் குதித்து ஆடும் கித்தா ஆட்டத்துக்கு இதுவே உடுப்பு: காலில் ஜுத்தி, பின்னலில் பராந்தி, தோளில் புல்காரி வேலைப்பாடு. துக்க வீட்டுக்குப் போவதென்றால் வெள்ளையிலோ வெளிர் நிறத்திலோ வேலைப்பாடில்லாத பருத்தி சூட்.

கல்யாணத்தில் அகலம் கீழே இறங்கிவிடும். இடுப்பிலிருந்தே பாவாடையாக விரிவது ஷராரா. முழங்கால் வரை ஒடுங்கி வந்து, அங்கே ஒரு தையலுக்குப் பின் கொசுவத்தோடு விரிவது கராரா. கராரா லக்னோ அரண்மனைகளின் சொத்து, பஞ்சாபின் சொத்தன்று. கடைகளில் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்; முழங்காலில் தையல் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நம் கடைகளில் 'பிளாசா' என்று கேட்டு வாங்கப்படும் பலாஸோவின் கதைதான் இதில் வேடிக்கை. பலாஸோ இத்தாலியச் சொல், பொருள் மாளிகை. 1960இல் ரோம் நகர ஆடை வடிவமைப்பாளர் ஐரீன் கலிட்சின் அகன்ற பட்டுக் காலுடைகளைக் கொண்டுவந்தார். பத்திரிகையாசிரியர் டயானா வ்ரீலண்ட் அவற்றுக்கு 'பலாஸோ பைஜாமா' என்று பெயர் வைத்தார். பைஜாமா பாரசீகம்: பாய் என்றால் கால், ஜாமா என்றால் உடை. இங்கிருந்து ஆங்கிலேயர் கொண்டுபோன சொல் மாளிகையில் தங்கி, பின்பாதியை அங்கேயே தொலைத்துவிட்டு, கமீஸுக்குக் கீழே போடும் பேண்ட்டாகத் திரும்பி வந்திருக்கிறது.

பலாஸோ அலுவலகத்துக்கு நல்லது, வெயிலுக்கு மிக நல்லது. அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு அதை நான் சொல்ல மாட்டேன். வாசலில் கால் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். பலாஸோவின் விளிம்பு தண்ணீரைக் குடித்துவிடும். சல்வாரின் பாதவாயைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் போதும். லங்கர் என்னும் பொதுப் பந்தியில் சம்மணமிட்டு உட்காரவும் சல்வாரே வசதி. தலை மூடும் 'சுன்னி' வழுக்காத மெல்லிய பருத்தியாக இருக்கட்டும்.

சுன்னி, நமக்கு ஷால். அதன் இன்னொரு பெயர் துப்பட்டா. இரட்டை அகலத் துணி என்பது பொருள். அதன் உறவுச்சொல் தமிழுக்கு எப்போதோ வந்துவிட்டது: கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பெண்கள் போர்த்திய வெள்ளைத் துணி, துப்பட்டி.

துப்பட்டியை ஏற்ற தமிழ் அகராதிகளுக்கு ஒரு வேண்டுகோள். சுடிதாருக்கு இரண்டு பொருள் கொடுங்கள். ஒன்று, கணுக்காலில் சுருங்கும் இறுக்கமான காலுடை. இரண்டு, தமிழ் வழக்கில், எவ்வகைப் பேண்ட்டாயினும் டாப்ஸும் ஷாலும் சேர்ந்த பெண்கள் உடுப்பு.